இரண்டரை அடி ஆழத்தில் வெளிச்சம் எங்கே போகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டு உப்புநீர்த் தொட்டி இரண்டரை அடி ஆழம். முதல்முறையாகச் சில சாஃப்ட் கோரல் வைக்கலாம் என்றிருக்கிறேன். கடையில் விசாரித்தால், இவ்வளவு ஆழத்தில் தண்ணீரே வெளிச்சத்தைக் குடித்துவிடும், கீழே எதுவும் பிழைக்காது என்கிறார்கள். நிஜமா? எதை எங்கே வைப்பது?”

கீழே தாராளமாகப் பிழைக்கும். வெளிச்சம் கீழே போகப்போகக் குறைகிறது என்பது சரிதான், ஆனால் பழியைத் தண்ணீர் மேல் போடுவது தவறு. காரணம் வேறு. அது தெரிந்துவிட்டால் விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது, பவளத்தை எங்கே உட்காரவைப்பது என்பதெல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும்.

அடிப்படையை வேகமாகத் தாண்டிவிடுவோம். பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் குடியிருந்து ஒளிச்சேர்க்கை செய்கின்றன, அவை தயாரிக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. நீங்கள் கேட்ட சாஃப்ட் கோரல், அதாவது மென்பவளங்களுக்குக் கெட்டியான சுண்ணாம்புக் கூடு கிடையாது. பவளக் கூட்டத்தின் ஒவ்வொரு குட்டி உயிரும் ஒரு பாலிப், அது ஒவ்வொன்றுக்கும் எட்டு உணர்கொம்புகள். லெதர், ஸீனியா, கென்யா ட்ரீ, கிரீன் ஸ்டார் பாலிப் எல்லாம் இந்த வகை. மஷ்ரூமும் ஜோவாவும் உண்மையில் வேறு கிளை, ஆனால் வளர்ப்பவர்கள் அவற்றையும் இதே கூட்டத்தில்தான் சேர்ப்பார்கள், நானும் சேர்த்துக்கொள்கிறேன். வெளிச்சத்தை ‘பார்’ (PAR) என்ற அளவில் சொல்வது வழக்கம்: 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான் விழுகிறது என்ற கணக்கு. உச்சிவெயிலில் கடல் மேற்பரப்பில் அது 2000 அளவுக்கு இருக்கும். மஷ்ரூமுக்கு ஐம்பது கிடைத்தாலே போதும்.

சரி, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது? சுத்தமான நீரில் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி 75 சென்டிமீட்டர் கடந்தால் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இழக்கிறது. 450 நானோமீட்டர் நீலமோ அதே தூரத்தில் ஒரு சதவீதம்கூட இழப்பதில்லை. பவள விளக்குகள் பெரும்பாலும் நீலத்தைத்தான் கொட்டுகின்றன, ஆகவே இரண்டரை அடித் தண்ணீர் உங்கள் பவளத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரே விதிவிலக்கு, தண்ணீர் மஞ்சள் தட்டிப் போயிருந்தால். மட்கிய கரிமப் பொருட்கள் சேர்ந்த அந்த மஞ்சள் நிறம் நீலத்தைத்தான் குறிவைத்து விழுங்கும். வெள்ளை பக்கெட்டில் தொட்டித் தண்ணீரை நிரப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டால் சில நாட்களில் தெளிந்துவிடும்.

அப்படியானால் வெளிச்சம் எங்கே போகிறது? பரவிப் போகிறது. பள்ளியில் படித்த எதிர்த்தகவு இருமடி விதிதான்: புள்ளி விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் செறிவு நாலில் ஒன்று. விளக்கு நீர்மட்டத்துக்கு 25 சென்டிமீட்டர் மேலே, தரை நீர்மட்டத்துக்கு 75 சென்டிமீட்டர் கீழே என்றால் தரை விளக்கிலிருந்து 100 சென்டிமீட்டர், அதாவது நீர்மட்டத்தை விட நாலு மடங்கு தூரம். எனவே தரையில் பதினாறில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே பலர் பயந்துபோகிறார்கள்.

நிஜத் தொட்டியில் மீட்டரை இறக்கினால் இவ்வளவு மோசமாக வராது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் உதவி ஒளிவிலகல். காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் கதிர் செங்குத்தை நோக்கி மடங்குகிறது, அதனால் பரவும் வேகம் குறைகிறது. கணக்குப் போட்டால், பரவலைப் பொறுத்தவரை 75 சென்டிமீட்டர் நீர் 56 சென்டிமீட்டர் காற்றுக்குத்தான் சமம். பதினாறில் ஒன்று என்பது இப்போதே கிட்டத்தட்ட பத்தில் ஒன்றாகிவிட்டது. விளக்கும் ஒற்றைப் புள்ளி இல்லை, அகலமான பலகை, அதிலும் கொஞ்சம் லாபம்.

இரண்டாவது உதவி பக்கக் கண்ணாடி. ஒரு வழுவழுப்பான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, காய்ந்த கையால் பிடித்துக்கொண்டு, மேலிருந்து நீர்மட்டத்தின் வழியாக எதிர்ப்பக்கச் சுவரைப் பாருங்கள். நீருக்குக் கீழே உள்ள சுவர் முழுக்க வெள்ளி பூசியதுபோல் பளபளக்கும், அதைப் பிடித்திருக்கும் உங்கள் விரல்கள் தெரியாது. விரலை இன்னும் அழுத்தினால் ரேகையின் மேடுகள் மட்டும் மெல்லிய கோடுகளாக எட்டிப்பார்க்கும். விரலை நனைத்துவிட்டுப் பிடித்தால் முழு விரலும் தெரிந்துவிடும். கண்ணாடிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு துளி காற்று இருக்கும்வரை அந்தச் சுவர் கண்ணாடியாக இல்லை, ஆடியாக இருக்கிறது. ஆப்டிகல் ஃபைபரில் ஒளியை அடைத்துவைக்கும் அதே முழு அக எதிரொளிப்பு.

தொட்டியிலும் இதுவேதான். நீரிலிருந்து காற்றுக்குப் போகும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் 49 டிகிரிக்கு அருகில்; சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து இதைவிட அதிகம் சாய்ந்து மோதும் ஒளி வெளியேறாமல் முழுசாகத் திரும்பிவிடும். இடையில் எவ்வளவு தடிமனான கண்ணாடி இருந்தாலும் இந்த எண் மாறாது. மேலிருந்து இறங்கும் கதிர்கள் ஏற்கெனவே செங்குத்துப் பக்கமாக மடங்கி வருவதால், பக்கச் சுவரைச் சாய்வாக உரசிக்கொண்டு போய்த்தான் மோதுகின்றன. நீர்மட்டத்தில் செங்குத்திலிருந்து சுமார் 60 டிகிரி வரை சாய்ந்து விழுகிற எந்தக் கதிரும் பக்கக் கண்ணாடியை விட்டு வெளியே போக முடியாது, முழுசாகத் திரும்பி உள்ளேயே வரும். ஒளியை 120 டிகிரிக்கு விரிக்கும் லென்ஸ் போட்ட சாதாரண எல்இடியின் வெளிச்சத்தில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது! முன்பக்கம் நின்று பார்க்கும்போது ஓரக் கண்ணாடியில் மீன்கள் இரட்டையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த இரட்டைதான் உங்கள் பவளத்துக்கு மிச்சமாகும் வெளிச்சம்.

இதிலிருந்து சில நடைமுறை விஷயங்கள் நேராக வருகின்றன. பின்பக்கக் கண்ணாடிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தாலோ ஸ்டிக்கரை ஒட்டினாலோ அங்கே காற்று இடைவெளி போய்விடும், நனைந்த விரல் கதைதான், அந்தச் சுவரில் படும் ஒளி கறுப்புக்குள் போய் முடியும். அதே கறுப்புத் தாளை ஒட்டாமல் சும்மா தொங்கவிட்டால் பின்னணியும் கிடைக்கும், எதிரொளிப்பும் அப்படியே இருக்கும். உள்பக்கக் கண்ணாடியில் படியும் பாசியும் அப்படித்தான், கதிர் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என இரண்டு தடவை அதற்கு வரி கட்டுகிறது. ஆழமான தொட்டியில் பாசியைச் சுரண்டுவது அழகுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், தரை வரைக்கும் தேய்க்க வேண்டும். விளக்கை ரொம்ப உயரத்தில் தொங்கவிட்டால் ஓரத்து ஒளி தொட்டிக்குள் நுழையாமல் வெளியிலேயே சிந்திவிடும், அதை எந்தக் கண்ணாடியும் மீட்டுத் தராது. 90 டிகிரி லென்ஸ் ஆழத்துக்கு நல்லது, ஆனால் நேர் கீழே பாறை உச்சியில் இருக்கும் பவளம் கருகிவிடலாம், கவனம்.

அளப்பது எப்படி? மொபைலில் லக்ஸ் ஆப் போட்டு அளந்துவிட்டு “வெளிச்சமே இல்லை” என்று விளக்கை உச்சத்துக்கு ஏற்றுபவர்கள் அதிகம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் கணக்கு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில்தான் கூர்மை, 450 நீலத்தை அதில் சுமார் 4 சதவீதமாகத்தான் மதிக்கிறது. சூசாந்தெல்லேவின் விருப்பம் நேர்மாறு: பச்சையத்தோடு பெரிடினின் என்ற நிறமியும் அதனிடம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து நீலத்தையும் நீலப்பச்சையையும் வாரி எடுத்துக்கொள்கின்றன. நமக்கு மங்கலாகத் தெரியும் நீலத் தொட்டி அதற்கு நல்ல பகல். முடிந்தால் பார் மீட்டரை யாரிடமாவது ஒருநாள் இரவல் வாங்குங்கள். “லிட்டருக்கு இத்தனை வாட்” என்ற பழைய சூத்திரம் இன்னும் கடைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே வாட்டில் ட்யூப்லைட் ஒன்று தரும், எல்இடி வேறொன்று தரும், லென்ஸ் மாறினால் அதுவும் மாறும். காரணம் கேட்காமல் கைமாறி வரும் எதையும் நான் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் வைப்பேன், அது அறிவியல் மொழியில் பேசினாலும்.

இனி எதை எங்கே. தரையிலும் பாறை நிழலிலும் மஷ்ரூம், 30 முதல் 70 பார் வரை. ஜோவா தரையிலிருந்து பாதி உயரம் வரை எங்கேயும் ஒத்துப்போகும், 50 முதல் 150. லெதருக்கு நடுமட்டம், 80 முதல் 150, நல்ல நீரோட்டமும் வேண்டும். அது சில நாள் பாலிப்பை உள்ளிழுத்துக்கொண்டு மெழுகுபோல் ஒரு தோலை உரிக்கும், அப்போது வெளிச்சத்தை மாற்றித் தொலைக்காமல் பொறுத்திருங்கள். கிரீன் ஸ்டார் பாலிப்பையும் ஸீனியாவையும் தனிப் பாறையில் மணலால் பிரித்து வையுங்கள், இல்லையென்றால் தொட்டி முழுக்க அவைதான்.

ஸீனியா பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதன் பாலிப்புகள் ஓயாமல் கைகளை மூடித் திறந்துகொண்டிருக்கும். இவ்வளவு சக்தியை ஏன் செலவழிக்கிறது? செங்கடலின் எய்லாத் பகுதியில் வாழும் இதன் நெருங்கிய உறவினத்தை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு விடை சொன்னது: ஒளிச்சேர்க்கையில் உருவாகும் ஆக்சிஜன் திசுவிலேயே தேங்கினால், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ நொதி ஏமாந்து ஆக்சிஜனைப் பிடிக்கிறது. கைகளை அசைத்து அந்த ஆக்சிஜனை வெளியேற்றும்போது ஒளிச்சேர்க்கை பத்து மடங்கு வரை கூடுகிறது. ஆழமான தொட்டியின் அடியில் வெளிச்சம் இருந்தும் பவளம் சோர்ந்து கிடந்தால் நீரோட்டத்தைப் பாருங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம். ஒரு பவளம் கையை ஏன் ஆட்டுகிறது என்று பார்க்க நிதி கேட்டால், “இதனால் யாருக்கு லாபம்” என்றுதான் முதலில் கேட்பார்கள். இத்தகைய கேள்விகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும், மன்னார் வளைகுடாவை வாசலில் வைத்திருக்கும் நாம் இன்னும் தாராளமாகவே ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

புதிதாக வாங்கியதை முதல் நாளே அதற்குரிய இடத்தில் வைக்காதீர்கள். குறைந்த ஒளியில் வாழ்ந்த பாசி, செல்லுக்குள் பச்சையத்தைக் கூட்டி வைத்திருக்கும்; திடீரென்று பலத்த ஒளி பட்டால் தாங்காமல் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகி, பவளம் பாசியையே வெளியே தள்ளி வெளுத்துவிடும். தரையில் வைத்து, வாரம் ஒரு படியாக இரண்டு மூன்று வாரத்தில் மேலேற்றுங்கள். மஷ்ரூம் ஓரத்தைச் சுருட்டினால், நிறம் வெளிறினால் ஒளி அதிகம். ஜோவாவின் தண்டு கழுத்தை நீட்டினாற்போல் நீண்டால் குறைவு. இருட்டில் வாடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், ஒளியில் கருகுவதற்கு இரண்டு மூன்று நாள் போதும், ஆகவே சந்தேகம் வந்தால் கீழேயே விடுங்கள்.

ஜோவாவைத் தொடும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்பும் கட்டாயம். அந்தக் குடும்பத்தில் சில பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சைச் சுமக்கின்றன, எது சுமக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போடவே கூடாது, ஆவியே ஆளைச் சாய்க்கும். ஹவாயின் ஹானா ஊர் அருகே ஒரு கடலோரக் குட்டையைத் தொட்டால் கேடு என்று மக்கள் விலக்கி வைத்திருந்தார்கள். 1961 டிசம்பர் 31 அன்று ஆய்வாளர்கள் அங்கே மாதிரி எடுத்த அன்றைக்கே அவர்களுடைய ஆய்வகக் கட்டடம் தீப்பிடித்தது. அது தற்செயல். ஆனால் குட்டையில் அந்த நஞ்சு இருந்தது நிஜம், 1971-இல் மூர், ஷொயர் என்ற வேதியியலாளர்கள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். சாபத்தை ஒதுக்கிவிட்டு, அதற்குள் இருந்த அவதானிப்பை மதித்துச் சோதித்துப் பார்த்தார்கள், எனக்கு இந்த அணுகுமுறைதான் பிடிக்கும்.

கடைசியாக, எங்கே வாங்குவது. கடலிலிருந்து எடுப்பது என்ற பேச்சே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, கடினப் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. மென்பவளம் வளர்க்கும் யாரிடமும் வெட்டிக் கொடுக்க ஃப்ராக் என்னும் சிறு துண்டு இருக்கும், கென்யா ட்ரீ தானாகவே கிளையை உதிர்க்கும், கேட்டால் கொடுப்பார்கள். வாங்கும்போது அது எந்த விளக்கின் கீழ், எந்த உயரத்தில், எத்தனை மாதம் இருந்தது என்று கேட்டு எழுதி வாருங்கள், உங்கள் தொட்டியில் முதல் வாரம் அதை எங்கே வைப்பது என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.