‘பாவம், நொந்த பெடியன்’ என்று சொல்வதற்கு முன்

காதல் முறிந்த பெடியன் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் கூட்டாளிமாரோடு கால் போத்தல் சாராயத்தைத் திறக்கிறான். "அவள்ல உசிரையே வச்சிருந்தவன் மச்சான்" என்கிறான் பக்கத்திலிருப்பவன். அதே பெடியன் ஒழுங்காகச் சாப்பிட்டு வேலைக்குப் போயிருந்தால், "இவனெல்லாம் எங்க உண்மையா விரும்பினவன்?" என்று கதை வந்திருக்கும். எவ்வளவு அழிந்தான் என்பதை வைத்து எவ்வளவு நேசித்தான் என்று அளக்கிறோம்.

இது வெறும் ரசனைக் கோளாறு இல்லை. மனவேதனையை வாயால் சொன்னால் "ஆம்பிள அழலாமா" என்பார்கள். குடித்தால் கூட்டாளிமார் சூழ்வார்கள், தாய் இரங்குவாள், விலகிப் போனவளும் சிலவேளை போன் எடுப்பாள். பலன் அன்றிரவே கிடைக்கிறது. கேடு மாதக்கணக்கில் பிந்தி வருகிறது. மூளை முந்தி வந்ததைத்தான் பழகிக்கொள்ளும். "கவனம் இழுக்கத்தான் செய்யிறான்" என்று தள்ளுவதும் பிழை. கவனம் அவனுக்கு உண்மையாகவே தேவை.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. போரிலும் 2004 சுனாமியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் தினமும் குடித்தால், மரியாதை கருதி யாரும் வாய் திறப்பதில்லை. தன் நீரிழிவு மருந்தை விட்டுவிட்டு வீட்டுக்காக ஓடும் தாயைத் "தெய்வம்" என்கிறோம். தன்னை அழிப்பதை அன்பென்று போற்றும் வகைதான் அதுவும். போத்தல் இல்லாததால் கண்ணுக்குப் படுவதில்லை.

குடித்தால் மறக்கலாம் என்ற நம்பிக்கைக்குக் கணக்கு இடம் தராது. 180 மில்லிலீற்றர் கால் போத்தலில், 33.5 வீதச் சாராயமென்றால், ஏறக்குறைய 48 கிராம் மதுசாரம் உண்டு. ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். இரவு 10 மணிக்குக் குடித்தவனுக்கு விடியப்புறம் 3, 4 மணிபோல நித்திரை குழம்பும். நெஞ்சு படபடக்கும், மனம் இன்னும் தாழும், தன்னைக் கட்டுப்படுத்தும் சக்தியோ குறைந்திருக்கும். விபரீத முடிவுகளுக்கு ஆபத்தான நேரம் அது. கள்ளச்சாராயமான கசிப்பென்றால் மதுசாரத்தின் அளவே தெரியாது.

நெடுநாள் தினமும் நிறையக் குடித்தவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் தொடங்கலாம். வைத்தியசாலையில் மருந்தோடு நிறுத்த வேண்டும்.

யாராவது தன்னுயிரை மாய்த்துக்கொண்டால், "காதலுக்காக உயிரைக் கொடுத்தான்" என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள். எப்படிச் செய்தான் என்பதையும் கடிதத்தையும் பகிராதீர்கள். முதற்பக்கச் செய்திகளுக்குப் பின் தற்கொலைகள் கூடுவதை 1974இல் அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் காட்டினார். நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய செய்திகளுக்குப் பின் அவை குறைவதை 2010இல் ஆஸ்திரிய ஆய்வு கண்டது. ஆகவே தாண்டி வந்தவனின் கதையைச் சொல்லுங்கள். அதில் சுவாரசியம் குறைவுதான்.

கூட்டாளியா நீங்கள்? அவன் குடிக்காத நேரம் பார்த்துப் போங்கள். சோறு சாப்பிட வையுங்கள், கதைக்க விடுங்கள், புத்தி சொல்ல அவசரப்படாதீர்கள். "சாகவேணும் போல நினைப்பு வருதா?" என்று நேரே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஓம்" என்றால் இரகசியம் காக்க வாக்குக் கொடுக்காமல், வீட்டாரில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள், சிகிச்சைக்குக் காசில்லை. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம். அவசரமென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை ஆளைத் தனியே விடவேண்டாம்.