உப்பு ஜாடியும் சுருட்டுப் பெட்டியும்

என் சித்திக்கு மழைக்காலம் தொடங்குவது உப்பு ஜாடியில்தான். மும்பை செம்பூரில், சேடா நகர் முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. ஜூன் பாதியிலேயே ஜாடிக்கு அடியில் நீர் கோத்துவிடும். நாலு அரிசியைப் போட்டு வைப்பார். ஜூலையில் அந்த அரிசியும் ஊறிப்போகும்.

இந்த வருஷம் அதே வீட்டில் ஈரத்தைப் பற்றி இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. சித்தப்பாவோடு கப்பலில் வேலை பார்த்த ஒருவர், 25 சிகார் அடுக்கிய பெட்டியைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சித்தப்பா புகையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. நல்ல காரியம்தான், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். மகள் கல்யாணத்துக்கு வரும் பழைய சகாக்களுக்குக் கொடுக்கலாமே என்று பத்திரப்படுத்த வழி கேட்டு ஒரு கடைக்குப் போயிருக்கிறார். 21 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம், கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் பாழ் என்று சொல்லி, மின்சாரத்தில் ஓடும் பெட்டி ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். விலையைக் கேட்டதும் வெளியே வந்து எனக்குப் போன் போட்டார்.

“உறையூர்ல எங்கப்பா சுருட்டை மடியில முடிஞ்சு வெச்சிருப்பார்டா. அதுக்கு யாரு தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தா?”

நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் செரூட் என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் கப்பலேறி இங்கிலாந்து வரை போய் விற்றது. ஆனால் தாத்தா மடியில் இருந்தது நன்றாகக் காய்ந்த இலை, வாங்கிய வாரமே தீர்ந்தும் போகும். டச்சு முறையில் செய்யும் சிகார்களும் காய்ந்த வகைதான், அவற்றுக்கும் ஈரப் பெட்டி வேண்டாம். கியூபா, நிகரகுவா, டொமினிக்கன் குடியரசு பக்கத்துச் சிகார் வேறு ஜாதி. இலை பதமாக, தோல்போல் வளையும்போது சுற்றுவார்கள். அந்தப் பதத்தில் ஒரு பங்காவது மிஞ்சியிருந்தால்தான் ஒழுங்காக எரியும். ரொம்பக் காய்ந்தால் மேலிலை வெடிக்கும், சூடாகவும் வேகமாகவும் எரியும், வாசனை எண்ணெய்கள் பறந்துவிடும். ரொம்ப ஊறினால் உப்பிக்கொண்டு காற்றே இழுக்காது, பாதியில் அணையும்.

அப்படியானால் கடைக்காரர் சொன்ன 21 டிகிரி? அது 70 டிகிரி பாரன்ஹீட். எழுபதுக்கு எழுபது என்று மனப்பாடம் செய்ய வசதியான ஜோடி, அவ்வளவுதான். இந்த விதி செல்சியஸ் புழங்கும் ஊரில் பிறந்திருந்தால் 20 என்று சொல்லியிருப்பார்கள், சிகாரும் ஒன்றும் சொல்லியிருக்காது.

ஈரப்பதம் என்று நாம் பேசுவது ஒப்பு ஈரப்பதம். ஒரு வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவியில், இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது கணக்கு. 21 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 18 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம். ஆகவே 21 டிகிரியில் 70 சதவீதம் இருக்கும் காற்றை அப்படியே 30 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீரும் வெளியேறாமலேயே ஈரப்பதம் 42 சதவீதத்துக்கு விழுந்துவிடும். வெப்பம் கொஞ்சம் மாறினாலே குடி முழுகும் என்ற பயத்துக்கு அடிப்படை இதுதான்.

வெறும் பெட்டிக்கு இந்தக் கணக்கு சரி. உள்ளே இலை இருந்தால் கதை மாறிவிடும். புகையிலை பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைத்திருக்கும் பொருள். ஒரு சிகார் 12 கிராம் என்று வைத்தால் 25 சிகார் 300 கிராம். அதில் எப்படியும் 40 கிராம் தண்ணீர் இருக்கும். அதே சமயம் ஐந்து லிட்டர் டப்பாவுக்குள் இருக்கும் காற்றில் எவ்வளவு நீராவி? ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. டப்பா 21லிருந்து 30 டிகிரிக்கு ஏறும்போது, காற்றை மறுபடி 70 சதவீதத்துக்குக் கொண்டுவர இலை கொடுக்க வேண்டியது வெறும் 0.04 கிராம். தன்னிடம் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இலைக்கு அது தெரியவே தெரியாது.

இதைச் சொன்னதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ காத்து இலையைப் பார்த்துக்கல, இலைதான் காத்தைப் பார்த்துக்குதுங்கிறே” என்றார். அதேதான் சித்தப்பா. மூடி இறுக்கமாக இருந்து, டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தால், பகலில் 31 இரவில் 26 என்று ஏறி இறங்கினாலும் உள்ளே ஈரப்பதம் பெரிதாக அசையாது. 62லிருந்து 72 வரை எங்கே நின்றாலும் சிகார் பிழைத்துக்கொள்ளும். மும்பை மாதிரி சூடான ஊரில் 65ஐ ஒட்டி வைப்பது நல்லது. 75ஐத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால்தான் பூஞ்சை தலைகாட்டும்.

அளவை விட வேகம்தான் ஆபத்து. மேலிலை மெல்லியது, உடனே ஊறும். நடுவிலிருக்கும் இலைக்கு ஈரம் போய்ச் சேர நாள் கணக்காகும். ஒன்று உப்பி மற்றது உப்பாமல் இருந்தால் மேலிலை கிழியும். ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த சிகாரை ஜூலை மாதக் காற்றில் திறந்து வைத்தால், வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடியில் பனி படிகிற மாதிரி அதன்மேலும் நீர் படியும்.

சரி, வெப்பம் முக்கியமே இல்லையா? முக்கியம்தான், ஆனால் காரணம் வேறு. ஒரு வண்டு. லாசியோடெர்மா செரிகார்னே என்று பெயர், இரண்டு மூன்று மில்லிமீட்டர், பழுப்பு நிறம். பழைய மல்லித்தூளிலும் மஞ்சளிலும் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள், அநேகமாக அதே ஆசாமிதான். நிகோடின் பெரும்பாலான பூச்சிகளுக்கு விஷம். இவனோ குடலை ஒட்டி ஒரு ஈஸ்டைக் குடிவைத்திருக்கிறான். உணவிலுள்ள நச்சுகளை உடைக்க அது கைகொடுக்கிறது. இலையோடு வந்த முட்டை 18 டிகிரிக்குக் கீழே அநேகமாகச் சும்மா கிடக்கும். 30 டிகிரியை ஒட்டி அமோக விளைச்சல். மும்பையில் டிசம்பர், ஜனவரி இரவுகளை விட்டால் வருஷம் முழுக்க அவனுக்குத் தீபாவளிதான். ஊசியால் குத்தியது போன்ற ஓட்டைகளும் அடியில் பொடியும் தெரிந்தால் பெட்டி போயிற்று.

மருந்து ஃப்ரீசர். காற்றை வெளியேற்றி இரட்டைக் கவரில் மூடி, மைனஸ் 18 டிகிரியில் நாலைந்து நாள். அப்புறம் ஒரு நாள் ஃப்ரிட்ஜ், ஒரு நாள் வெளியே, அதுவரை கவரைப் பிரிக்கக் கூடாது. இதற்குச் சித்தி சம்மதிக்க இரண்டு நாள் ஆனது. அரைத்த மாவுக்கும் துருவிய தேங்காய்க்கும் நடுவில் புகையிலையா என்று ஒரே சண்டை.

ஹுமிடார் என்னும் அழகான மரப் பெட்டிகளை ஸ்பானிஷ் சிடார் பலகையில் செய்வார்கள். பெயர்தான் சிடார், மரம் நம் வேம்பின் குடும்பம். ஈரத்தை வாங்கிக் கொடுக்கும், வாசனையும் நல்ல வாசனை. வண்டு அந்த வாசனைக்குப் பயந்து ஓடும் என்று மட்டும் நம்பி உட்கார முடியாது. மூடி சரியாகப் பொருந்தாத மரப் பெட்டியைவிட, ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா இந்த ஊர் மழைக்கு எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. பெட்டிக்குள் நனைத்த ஸ்பாஞ்ச் வைக்கும் வழக்கம் வறண்ட ஊர்களுக்கு உரியது. வெளியே 85 சதவீதம் இருக்கும்போது இன்னும் ஈரம் எதற்கு?

அதற்குப் பதில் டப்பாவில் போட்டது, உப்புக் கரைசல் அடைத்த ஒரு சிறு பொட்டலம். இங்கேதான் சித்தியின் ஜாடி உள்ளே வருகிறது. கரையாத உப்பும் மிஞ்சியிருக்கும் செறிந்த உப்பு நீரை மூடிய இடத்தில் வைத்தால், காற்று ஈரமானால் அது நீரை உறிஞ்சும், காய்ந்தால் விடும், ஒரே எண்ணில் நின்றுவிடும். சமையல் உப்புக்கு அந்த எண் 75 சதவீதம். 20 டிகிரியானாலும் 30 டிகிரியானாலும் அதில் அரை புள்ளிகூட மாறாது. காற்று 75ஐத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்த்துப்போகும். கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது இன்னும் முன்னாலேயே அழ ஆரம்பித்துவிடும். உப்பை மாற்றினால் எண்ணும் மாறும். கடையில் 65, 69 என்று அச்சிட்டு விற்பதெல்லாம் இந்த வித்தைதான்.

ஈரமானியைச் சோதிக்கவும் இதே உப்புதான். ஒரு சோடா மூடியில் தூளுப்பு, சில சொட்டுத் தண்ணீர், ஈரமணல் பதத்துக்கு. கரைந்து ஓடிவிடக் கூடாது. அதையும் சித்தப்பா வாங்கிய சின்ன டிஜிட்டல் மீட்டரையும் ஜிப் கவரில் போட்டு ஒரு ராத்திரி விட்டோம். காலையில் 75 காட்ட வேண்டிய மீட்டர் 71 காட்டியது. ஒரு புள்ளி பிசகக் கூடாது என்று பயமுறுத்தும் உலகத்தில், அளக்கிற கருவியே நாலு புள்ளி பிசகு. 71 என்று பேனாவால் அதன் முதுகில் எழுதி டப்பாவுக்குள் வைத்தார்.

ஆகஸ்ட் கடைசியில் கட்டிலுக்கடியிலிருந்து டப்பாவை இழுத்துத் திறந்தோம். மீட்டரில் 62, நாலைக் கூட்டினால் 66. ஒரு சிகாரை எடுத்து விரலால் மெல்ல அழுத்தினார், அமுங்கி மறுபடி எழும்பியது. ஓட்டை இல்லை, பொடி இல்லை. முகர்ந்து பார்த்து, ஒரு நொடி கூடுதலாகவே முகர்ந்து, மூடியை அழுத்தி மூடினார். அடுக்களையில் சித்தி உப்பு ஜாடியிலிருந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்.