அரஃபா நோன்புக்கும் மாத்திரை நேரம் கேளுங்கள்

ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே சர்க்கரை நோயாளிகள் கிளினிக்குக்கு வந்துவிடுவார்கள். விடியலுக்கு முன் சாப்பிடும் ஸஹருக்கு எது, நோன்பு திறந்த பிறகு எது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அரஃபா நோன்புக்கு அப்படி யாரும் வருவதில்லை. எனக்கு அதுதான் கவலை.

துல்ஹஜ் பிறை 9, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய நாள். ஹாஜிகள் மக்காவுக்குப் பக்கத்தில் அரஃபா மைதானத்தில் துஆவில் (பிரார்த்தனையில்) நிற்கும் அன்று, ஊரில் இருப்பவர்கள் நோன்பு வைப்பது சுன்னத், அதாவது கடமையல்ல, நபிவழி. முந்தைய வருடம், வரும் வருடம் இரண்டின் பாவங்களுக்கும் அது பரிகாரம் என்று ஹதீஸ் இருக்கிறது. அதனால் ரமலானில் உடம்பு முடியாமல் விட்டவர்கள்கூட இதை விட மனமில்லாமல் வைத்துவிடுகிறார்கள்.

ஒரு வருடம் அரஃபா அன்று அஸர் என்ற மாலை நேரத் தொழுகைக்குப் பிறகு ஒரு உம்மாவை அழைத்து வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52. ஸஹருக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வழக்கமான கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டிருக்கிறார். அப்புறம் வீடு கழுவி, பெருநாள் பிரியாணிக்கு இஞ்சி பூண்டு உரித்து என்று நாள் முழுக்க வேலை. களைப்பு என்றே வீட்டில் நினைத்திருக்கிறார்கள். குளுக்கோஸ் ஏறித் தெளிந்ததும், "ஒரு நாள் நோன்புதானே டாக்டர், அதுக்குப் போயி உங்ககிட்ட கேக்கணுமான்னு இருந்துட்டேன்" என்றார்.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு சர்க்கரை இப்படி இறங்கிப்போகும் ஆபத்து குறைவு. டபாக்லிஃப்ளோசின் வகை மாத்திரை சிறுநீரோடு நீரையும் வெளியேற்றும். அரஃபா இப்போதெல்லாம் மே கடைசி, ஜூன் என்று வருகிறது. அந்த வெயிலில் 14 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருப்பவருக்கு அது சிக்கல். இன்சுலின் போடுபவர்கள் அளவைக் கேட்காமல் நோன்பு வைக்கவே கூடாது.

ரமலான் சீட்டைத் தேடி எடுத்து அதன்படி சாப்பிடுபவர்களும் உண்டு. ரமலான் முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். இடையில் மருந்து மாறியிருக்கலாம். கிட்னி டெஸ்ட் முடிவும் மாறியிருக்கலாம். துல்ஹஜ் பிறை பார்த்ததும் ஒருமுறை டாக்டரைப் பாருங்கள், கையில் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது.

விரலில் குத்தி சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது, மார்க்க அறிஞர்களே சொல்லியிருக்கிறார்கள். மதியமும் அஸர் நேரத்திலும் பாருங்கள். 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-ஐத் தாண்டினாலும் உடனே நோன்பை விட்டுவிடுங்கள். நோன்பு திறக்கும் மஃரிபுக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம், அந்த அரை மணி நேரத்தில் நினைவு தப்பிவிடலாம். கடமையான ரமலான் நோன்பிலேயே நோயாளிக்குக் குர்ஆன் சலுகை தந்திருக்கிறது, இது சுன்னத்.

ஒரு மாதத்தில் ஆஷூரா நோன்பு வந்துவிடும். முஹர்ரம் 9, 10 என்று இரண்டு நாள் சேர்த்து வைப்பவர்கள், முதல் நாள் சர்க்கரை எப்படி ஏறி இறங்கியது என்று டாக்டரிடம் போனிலாவது சொல்லிவிட்டு, அடுத்த நாள் ஸஹருக்கு எழுந்திருங்கள்.