கணப்படுப்பு மரத்தில் பிறந்த கிட்டார்

1970-இல் லண்டனில் உருவான குயீன் ராக் குழு என்றதும் எல்லாரும் முதலில் ஃப்ரெடி மெர்குரியின் குரலைத்தான் சொல்வார்கள். அந்தக் குரல் அப்படி. ஆனால் இரண்டே நொடியில் 'இது குயீன் பாட்டு' என்று காட்டிக்கொடுக்கும் இன்னொன்றும் உண்டு: பிரையன் மேயின் கிட்டார். அது கடையில் வாங்கியதல்ல. 1963-இல், பதினாறு வயதில், எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த அப்பா ஹரால்டுடன் சேர்ந்து வீட்டிலேயே அதைச் செய்யத் தொடங்கினார். முடிக்க ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது. பெயர் ரெட் ஸ்பெஷல்.

கிட்டாரின் கழுத்து, குளிர்காய வீட்டுச் சுவரில் அமைக்கும் பழைய கணப்படுப்பு ஒன்றின் மஹாகனி மரம். பூச்சி அரித்த துளையைத் தீக்குச்சி செருகி அடைத்தார்கள். விரல்பலகையில் பதித்த வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த சிப்பிப் பொத்தான்கள். ரசிகர்கள் விரும்பிச் சொல்லும் விஷயங்கள் இவை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, இந்தப் பொருட்களை வைத்து அவர்கள் போட்ட இயற்பியல் கணக்கு.

டிரெமலோ கைப்பிடியைப் பாருங்கள். அதை அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கே வர வேண்டும். நடுவில் எங்காவது உராய்வு இருந்தால் கம்பி முழுசாகத் திரும்பாது, சுருதி விலகிவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழி, ஆய்வகத் தராசின் தண்டு கூர்முனையில் ஆடுவதுபோல, மொத்த அமைப்பையும் கடினமான எஃகின் கத்திமுனை மேல் ஆடவிடுவது. கம்பிகளின் இழுவைக்கு எதிர்விசை, பழைய மோட்டார்சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டு. கம்பி படும் இடத்தில் சின்ன உருளைகள். தேய்மானத்துக்கும் உராய்வுக்கும் இடமே வைக்கவில்லை.

அடுத்து பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். அதன் மேல் எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்சாரம் பிறக்கும். பிரையன் முதலில் தானே சுற்றிய பிக்கப்புகளைத்தான் போட்டார். காந்தத் துருவங்கள் மாறி மாறி இருந்ததால், கம்பியைப் பக்கவாட்டில் வளைத்து வாசிக்கும்போது தேவையில்லாத சத்தம் வந்தது. அப்புறம் பர்ன்ஸ் நிறுவனத்தின் டிரைசோனிக் பிக்கப்புகள் மூன்றை வாங்கி, உள்ளே எபாக்ஸி பசை நிரப்பினார். சுருள் தளர்ந்து தானாக அதிர்ந்தால், சத்தம் கூடும்போது ஸ்பீக்கர் கீச்சிடும். பசை அந்த அதிர்வை மட்டும் அடக்கியது. ஸ்பீக்கர் ஒலி கிட்டாரின் உடலையும் கம்பியையும் அசைத்து, சுரம் அறுபடாமல் நீளும் நல்ல ஃபீட்பேக்கை அவர் விட்டுவைத்தார். அதற்காகவே உடலுக்குள் காற்றறைகளும் குடைந்திருந்தார்.

இந்தக் கிட்டாரின் உயிர் என்று நான் சொல்வது சுவிட்சுகளைத்தான். ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு: ஒன்று அதை இணைக்க, மற்றது அதன் மின் அலையைத் தலைகீழாக்க. கம்பியின் அடிப்படைச் சுரத்தில் முழுக் கம்பியும் ஒரே பக்கமாக ஆடும். அதனால் இரண்டு பிக்கப்புகளும் ஒரே மாதிரி மின் அலையை அனுப்பும். ஒன்றைத் திருப்பினால் இரண்டும் கழிபட்டு அடிப்படைச் சுரம் மெலியும். அதோடு சேர்ந்தே ஒலிக்கும் மேற்சுரங்கள் அப்படியல்ல. அவற்றில் கம்பி பல துண்டுகளாகப் பிரிந்து, ஒரு துண்டு மேலே போகும்போது பக்கத்துத் துண்டு கீழே போகும். இரண்டு பிக்கப்புகளின் அடியிலும் எதிரெதிர் அசைவு இருந்தால், திருப்பிய பிறகு அவை ஒன்றுகூடி ஓங்கும். அடிச்சுரம் குறைந்து மேற்சுரம் துருத்தும்போது, மனிதக் குரல் வீறிடுவதுபோன்ற கூரிய ஒலி வருகிறது. பிக்கப்புகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், திருப்பாமல் விட்டால் அவற்றின் மின்னழுத்தங்கள் கூடி ஒலி தடிக்கும். கம்பியை மீட்ட, வழக்கமான பிளாஸ்டிக் வில்லைக்குப் பதில் அவர் எடுத்தது ஆறு பென்ஸ் நாணயம். அதன் பல் விளிம்பு கம்பியில் உரசும் சரசரப்பும் ஒலியில் கலந்துவிடும்.

குழுவின் பாஸ் கிட்டாரிஸ்ட் ஜான் டீக்கன் எலக்ட்ரானிக்ஸ் பட்டதாரி. குப்பையில் கண்டெடுத்த சர்க்யூட் போர்டை ஒரு புத்தக அலமாரி ஸ்பீக்கரில் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்தார். அதில் ரெட் ஸ்பெஷலை வாசித்து, டேப்பில் அடுக்கடுக்காகப் பதிந்தால் டிரம்பெட், கிளாரினெட் போலக் கேட்கும். கேட்டவர்கள் சிந்தசைசர், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி, என்றே நினைத்தார்கள். அதனால் குயீன் 1970-களின் ஆல்பம் உறைகளில் 'சிந்தசைசர் இல்லை' என்று அச்சிட வேண்டியிருந்தது. 1980-இல் வந்த 'தி கேம்' ஆல்பத்தில்தான் முதல்முறையாக அந்தக் கருவியை அவர்கள் தொட்டார்கள்.