நீங்கள் கணக்கெடுத்தது யாரை?

இளங்கலை மாணவர்கள் அரசியல் ஆய்வு வாசிக்கும் அரங்குகளில் நடுவராக உட்காரும்போது நான் தவறாமல் கேட்பது இதைத்தான். பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பட்டதாரிகள் மிகுந்த தொகுதிகளில் ஒரு கட்சிக்குக் கூடுதல் வாக்கு விழுந்திருப்பதாக ஸ்லைடு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசுபவரோ, ‘படித்தவர்கள் அந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள்’ என்கிறார். கையில் இருப்பது தொகுதிக் கணக்கு. முடிவு தனிமனிதரைப் பற்றியது. அதே தொகுதிகளில் படிக்காதவர்கள் போட்ட வாக்காகவும் அது இருக்கலாமே!

1950-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் இதைக் கணக்குப் போட்டே காட்டினார். 1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவும் பொதுவாக அதிகம். ஆளாளாகப் பார்த்தாலோ, வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்றுக் கூடுதல். அவர்கள் குடியேறியது உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்திருந்த மாநிலங்களில். அதனால் வந்த தோற்றம் அது.

மாணவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ‘புதிதாக ஏதாவது சொல்’ என்று வழிகாட்டிகள் நெருக்கும்போது, சிறிய தரவின் மேல் பெரிய முடிவை ஏற்றத்தான் தோன்றும். ஆனால் ஏற்கெனவே வெளியான முடிவைச் சரிபார்ப்பதும் அசல் ஆய்வுதான். அரசுக் கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரிப் பொருளாதார வளர்ச்சி -0.1 சதவீதம் என்று பொருளாதார அறிஞர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010-ல் எழுதினார்கள். சிக்கன நடவடிக்கைக்கு வாதாடிய அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டார். எக்செல் தாளில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு குறைகளும் இருந்தன. திருத்திய சராசரி 2.2 சதவீதம் என்று 2013-ல் தன் பேராசிரியர்களோடு சேர்ந்து வெளியிட்டார். அவர் முனைவர் பட்ட மாணவர், உண்மைதான். ஆனால் அந்த வேலைக்குத் தேவைப்பட்ட பொறுமை இளங்கலையிலும் கைகூடும்.

தொகுதித் தரவுதான் கிடைக்கிறதா? தலைப்பிலேயே ‘தொகுதி அளவில்’ என்று போட்டுவிடுங்கள். வாக்காளரைப் பற்றித்தான் பேச வேண்டுமென்றால் சர்வே வேண்டும். யாரிடம், எப்படித் தேர்ந்தெடுத்துக் கேட்டீர்கள் என்பது முதல் ஸ்லைடுகளிலேயே வரட்டும். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்ட கூகுள் படிவத்தை வைத்து ‘இளைஞர்களின் மனநிலை’ என்று தலைப்பிட வேண்டாம். கேள்வி நேரத்தில், “என் தரவு அதுவரை போகாது” என்று ஒரு மாணவி நிதானமாகச் சொன்னால், மழுப்பலான விளக்கத்தைவிட அதற்கே நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.