இன்னும் முடியாத வேலைக்குக் கணக்கு எழுதுவது எப்படி?

கட்டுமான வேலைகளை மேற்பார்வை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "டைம்ஷீட் மென்பொருளில் ஆட்களின் மணிக்கணக்கைத் தினமும் ஏற்றுகிறோம். சுவர்ப் பூச்சு நான்கு நாள் நடந்தது. முதல் மூன்று நாளும் உற்பத்தித்திறன் பூஜ்யம் என்று காட்டியது. நான்காம் நாள் எங்கள் ஆட்களைச் சூரர்கள் என்கிறது. மென்பொருள் கெட்டுவிட்டதா?"

கெடவில்லை. கொடுத்ததை வைத்து, முடிந்த அளவை மணியால் அது ஒழுங்காகத்தான் வகுத்திருக்கிறது.

பூச வேண்டியது 240 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீட்டில் சதுர மீட்டருக்கு அரை ஆள்-மணி (ஒரு ஆள் ஒரு மணி நேரம் உழைத்தால் ஓர் ஆள்-மணி). 5 பேர், நாளுக்கு 8 மணி நேரம். ஆக நாளுக்கு 40 ஆள்-மணி. 3 நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை 4 நாள் இழுத்துவிட்டது. முடிந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று பூச்சின் அளவை மட்டும் தள்ளிப்போட்டால், 240 சதுர மீட்டரும் கடைசி நாளின் 40 மணி தலையில் வந்து விழும். ஆள்-மணிக்கு 6 சதுர மீட்டர்! உண்மையான வேகம் ஒன்றரைதான். மாறாக, முதல் நாள் மாலையே 60 என்று எழுதியிருந்தால், இதே வேகத்தில் போனால் மொத்தம் 160 ஆள்-மணி பிடிக்கும் என்பது அன்றே தெரிந்திருக்கும். மணியும் அளவும் ஒரே நாளைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

சரி, அளவெடுக்கச் சோம்பல் என்றால் "எத்தனை சதவீதம் முடிந்தது?" என்று கேட்டுக்கொள்ளலாமே? கேட்கலாம். எல்லா வேலையும் சீக்கிரமே தொண்ணூறைத் தொட்டு, அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடும். பெல் ஆய்வகத்தின் டாம் கார்கில் நிரலாளர்களைப் பற்றி ஒரு கிண்டல் சொன்னதாக ஜான் பென்ட்லி 1985இல் எழுதினார்: முதல் 90 சதவீத வேலை 90 சதவீத நேரத்தை எடுக்கும்; மீதிப் பத்து சதவீதம் இன்னொரு 90 சதவீத நேரத்தை எடுக்கும். பூச்சுக்கும் அப்படியே பொருந்துகிறது. சதவீதத்தில் வேறொரு வில்லங்கமும் உண்டு. நடுவில் வரைபடம் மாறி 240 என்பது 260 ஆனால், ஒரு கரண்டி பூச்சும் உதிராமலே நேற்றைய சதவீதம் பொய்யாகிவிடும். சதுர மீட்டர் பொய்யாகாது.

பூச்சை டேப் பிடித்து அளந்துவிடலாம். தூணை? கம்பி கட்டி, பலகை அடைத்து, கான்கிரீட் போட்டு, பலகை பிரிக்க வேண்டும். பாதித் தூண் என்று ஒன்று இல்லை. இங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பங்கு வைப்பார்கள்: கம்பிக்கு 0.3, பலகைக்கு 0.4, கான்கிரீட்டுக்கு 0.2, பிரிப்புக்கு 0.1 என்பதுபோல. பத்துத் தூணுக்கும் கம்பி கட்டியாயிற்று, ஆறில் பலகை அடைத்தாயிற்று, நான்கில் கான்கிரீட் விழுந்திருக்கிறது என்றால், 3 + 2.4 + 0.8, மொத்தம் 6.2 தூண். முழுசாக ஒரு தூண்கூட எழவில்லை, ஆனால் 6.2 தூணுக்கான உழைப்பு இறங்கியிருக்கிறது. இந்தப் பங்குகளைப் பொருளின் விலையை வைத்துப் பிரித்தால் குழப்பம்தான். நாம் வகுக்கப்போவது ஆள்-மணியால்; பங்கும் ஆள்-மணிப்படிதான் இருக்க வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மேஸ்திரி தினமும் "இன்று 55" என்று எழுத வேண்டுமா, "இதுவரை 115" என்று எழுத வேண்டுமா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை.

முதல் மூன்று நாள் வேலை 60, 55, 55. மூன்றாம் நாள் சிக்னல் விட்டு விட்டு வந்ததில் போன் ஒரே செய்தியை இரண்டு முறை அனுப்பிவிட்டது. "இன்று" முறையில் கணக்கு 225 ஆகிவிடும். "இதுவரை" முறையில் 170 என்பது இரண்டு முறை வரும். பத்து முறை வந்தாலும் 170தான். இரண்டாம் நாள் எழுதவே மறந்துவிட்டாரா? மூன்றாம் நாள் வரும் 170 அந்த ஓட்டையைத் தானே அடைத்துவிடும். 115ஐ 151 என்று மாற்றி எழுதிவிட்டாரா? அன்று 91 என்றும் மறுநாள் 19 என்றும் தப்பாகக் காட்டும், ஆனால் மொத்தம் கெடாது. மின்சார மீட்டரில் ஒரு மாதம் தப்பாக ரீடிங் எடுத்தாலும் அடுத்த மாதம் நேராகிவிடுகிறதே, அதே வித்தைதான்.

ஒரே சுவரில் இரண்டு மேஸ்திரிகள் இருந்தால்? ஒருவர் எண்ணை மற்றவர் எண் அழித்துவிடும். அதனால் ஆளுக்கு ஒரு மீட்டர், அதாவது மின்சார மீட்டர் போல ஏறிக்கொண்டே போகும் தனி 'இதுவரை' எண். ஒவ்வொரு மீட்டருக்கும் வந்த எண்களில் பெரியதை எடுத்து, பிறகு மீட்டர்களைக் கூட்ட வேண்டும். நேற்றைய செய்தி இன்றையதற்குப் பின்னால் தாமதமாக வந்தாலும் பெரியதுதான் ஜெயிக்கும். ஆனால் மீட்டர் ஏறத்தான் செய்யும் என்றால், 10 சதுர மீட்டர் பூச்சைக் கொத்தி எடுத்த அன்று என்ன எழுதுவது? அதற்கு இரண்டாவதாக ஒரு மீட்டர். கொத்தியது மட்டும் அதில் ஏறும். முதல் மீட்டரிலிருந்து இதைக் கழித்தால் சுவரில் இருப்பது வரும். தனியாகப் பார்த்தால், மறுவேலை எவ்வளவு என்ற, பலரும் மறைக்க விரும்பும் எண் வரும். சில மென்பொருள்களில் கொத்தியதைக் கழிக்க இடமே இருக்காது. அது பெரிய தப்பு என்பேன். கொத்திய சுவர் கணக்கில் மட்டும் பூசியபடியே நிற்கும்.

பல கணினிகளில் பிரிந்து கிடக்கும் எண்களுக்காக, இந்த இரட்டை மீட்டர் யோசனைக்குக் கணித அடித்தளத்தோடு பொது வடிவம் கொடுத்தவர்கள், பிரான்சின் அரசு ஆய்வு நிறுவனமான இன்ரியாவின் மார்க் ஷபீரோவும் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் உள்ளிட்ட அவருடைய கூட்டாளிகளும். 2011இல் வெளியான அவர்களுடைய கட்டுரைகளுக்கு ஆதாரம் அரைப்பின்னல் (semilattice) என்ற, 'பெரியதை எடு' போல எந்த வரிசையில் எத்தனை முறை சேர்த்தாலும் விடை மாறாத கணக்குகளைப் பற்றிய பழைய இயற்கணிதம். யாருக்கு உபயோகம் என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சியின் நிதியை வெட்டுகிறவர்களை அந்தச் சுவர் முன்னால் ஒரு நாள் நிறுத்த வேண்டும்.

வாசகரிடம் ஒரு வார்த்தை. நான்காம் நாள் "முடிந்தது" என்ற பொத்தானை அழுத்தும்போது மீட்டர் 232இல் நின்றால், மென்பொருள் அதைத் தானாக 240 ஆக்க விடாதீர்கள். அந்த 8 சதுர மீட்டர் மதிப்பீட்டில் தப்பாகச் சேர்ந்ததாக இருக்கலாம், இல்லை ஏணிக்குப் பின்னால் இன்னும் பூசப்படாமல் இருக்கலாம். போய்ப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.