மின்நிலையத்துக்கே கரண்ட் வேண்டும்

2012 ஜூலை 30, அதிகாலை 2:33. மத்தியப் பிரதேசத்தின் பீனாவிலிருந்து குவாலியருக்குப் போகும் 400 கிலோவோல்ட் மின்தடம் துண்டித்துக்கொண்டது. கம்பி அறவில்லை, மரம் விழவில்லை. துணையாக இருந்த இன்னொரு தடத்தை மேம்பாட்டு வேலைக்காக ஏற்கெனவே நிறுத்தியிருந்ததால், இதில் அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. தடத்தைக் காவல் காக்கும் தானியங்கிக் கருவியான ரிலேவுக்குத் தெரிந்ததெல்லாம், மின்னோட்டம் ஏறுகிறது, மின்னழுத்தம் இறங்குகிறது என்பது மட்டுமே. எங்கோ தூரத்தில் ஷார்ட் சர்க்யூட் என்று எடுத்துக்கொண்டு தடத்தை வெட்டிவிட்டது. அதன் சுமை மற்ற தடங்கள்மீது விழ, அவையும் ஒவ்வொன்றாக வெட்டிக்கொள்ள, வட இந்தியா முழுவதும் இருண்டது. மறுநாள் பகல் 1 மணிக்கு அதே தடத்தில் மறுபடியும். இந்த முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்மண்டலங்கள் மூன்றும் சேர்ந்து விழுந்தன. சுமார் 60 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. மேற்கு வங்கச் சுரங்கங்களில் லிஃப்ட் நின்று ஏறக்குறைய 200 தொழிலாளர்கள் நிலத்தடியில் மாட்டிக்கொண்டு, பிறகு மீண்டார்கள்.

மின்சாரத்தை அரிசி மாதிரி மூட்டையில் கட்டிவைக்க முடியாது. அந்த நொடியில் எவ்வளவு செலவோ, ஏறக்குறைய அவ்வளவு அந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். தேவை கூடினால் டர்பைன்களின் சுழற்சி தளரும்; 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் (நொடிக்கு 50 மின்னலைகள்) இறங்கும். ரொம்ப இறங்கினால் டர்பைன் இறக்கைகள் சேதப்படும் என்பதால் ஜெனரேட்டர்கள் தாமாகவே விலகிக்கொள்ளும். ஒன்று விலக, மிஞ்சியவற்றுக்குப் பாரம் இன்னும் கூடும்.

தென்னிந்தியா அன்று தப்பியதற்கு ஒரு காரணம், நாம் மற்ற மண்டலங்களோடு நேர்மின்சார (DC) தடங்கள் வழியாக மட்டுமே இணைந்திருந்தோம். அந்தத் தடம் மின்சாரத்தைக் கொண்டுவரும். அங்கே அதிர்வெண் தடுமாறுவதைக் கொண்டுவராது. இரண்டாம் நாள் ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வரும் மின்சாரம் நின்றதும் இங்கேயும் அதிர்வெண் 49-க்குக் கீழே போனது. ரிலேக்கள் சில பகுதிகளை வெட்டிவிட்டுச் சமாளித்தன. (2013 டிசம்பர் 31 முதல் ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியாக நாமும் அதே 50 ஹெர்ட்ஸில் சேர்ந்துவிட்டோம்.)

சரி, விழுந்ததை எப்படி எழுப்புவது? எனக்கு இதில் பிடித்ததே இந்தப் பகுதிதான். நிலக்கரி மின்நிலையம் தொடங்கவே கரண்ட் வேண்டும். கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளும் பம்புகள், காற்றூதும் ராட்சத விசிறிகள், கரி அரைக்கும் ஆலைகள் எல்லாம் மோட்டாரில் ஓடுபவை. பொதுவாக இந்த மின்சாரம் வெளியிலிருந்து வரும். வெளியே ஒன்றுமே இல்லாதபோது?

அணைதான் கைகொடுக்கும். நீர்மின் நிலையத்தில் மதகைத் திறக்க ஒரு டீசல் ஜெனரேட்டர் போதும். மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இதற்கு ‘பிளாக் ஸ்டார்ட்’ என்று பெயர். அந்த மின்சாரத்தை ஒரு தடம் வழியாக அனல் நிலையத்துக்கு அனுப்புவார்கள். ஆனால் சுமையே இல்லாத நீண்ட தடத்தின் கடைசி முனையில் மின்னழுத்தம் ஏறிவிடும். அதனால் வழியிலேயே கொஞ்சம் சுமையையும் சேர்க்க வேண்டும். மருத்துவமனை, ரயில், சுரங்கம் ஆகியவற்றுக்கு அப்போது முன்னுரிமை. 2012-இல் பிழைத்துக்கிடந்த மண்டலங்களிடமிருந்தும் மின்சாரம் வாங்க முடிந்ததால், வேலை அன்றன்றைக்கே முடிந்தது.

இப்படித் தனித்தனித் தீவுகளாக உயிர் பெற்றவற்றை இணைப்பது நிதானம் வேண்டிய வேலை. மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் மட்டும் ஒத்துப்போனால் போதாது. இரண்டின் அலைகளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்க வேண்டும். இதைக் காட்டும் கருவியில் கடிகார முள் போன்ற ஒரு முள் மெல்லச் சுற்றி 12-க்கு வரும் தறுவாயில், இரண்டையும் இணைக்கும் பெரிய சுவிட்சான பிரேக்கரை மூடுவார்கள். தப்பாக மூடினால் ஜெனரேட்டரின் தண்டே முறுக்கிக்கொள்ளும்.

அப்புறம் நம் வீடு. பல மணி நேரம் கரண்ட் இல்லாத தெருவில் ஃபிரிட்ஜ், ஏசி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஆன் நிலையிலேயே காத்திருக்கும். சுவிட்சைப் போட்டதும் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பி, வழக்கத்தைவிட மிக அதிகமாக இழுக்கும். இப்போதுதான் எழுந்து நிற்கும் மின்தொகுப்பு மறுபடி படுத்துவிடலாம். அதனால் ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடமான ஃபீடர் ஒன்றைப் போட்டு, அதிர்வெண் நிலைக்கிறதா என்று பார்த்து, பிறகே அடுத்ததைப் போடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் வந்த பிறகும் நம் தெரு இருட்டாகக் கிடப்பதற்குக் காரணம் பல நேரம் இதுதான்.